ஒரு நூல் மேலே

மாப்ளே,

உன் பை என் மடியில் இருக்கிறது. அதே காக்கிப் பைதான். வார் அறுந்த பக்கத்தைப் படம் மாட்டும் கம்பியால் முறுக்கி வைத்திருந்தாயே, அந்த முறுக்கு இன்னும் அப்படியே நிற்கிறது. திறந்ததும் சுவரில் பூசுகிற பட்டியும் இரும்பும் கலந்த வாடை வருகிறது. சுத்தியல், திருப்புளி, இஞ்சி டேப், ரசமட்டம், நூல்கண்டு, நீ கடித்துக் கடித்துக் கட்டைவிரல் அளவுக்கு ஆக்கிவிட்ட பென்சில். எல்லாம் எனக்குத் தெரிந்த சாமான்கள். இருபத்திரண்டு வருஷமாக நீ "எடுல" என்றால் பார்க்காமலே கைவிட்டு எடுத்துக் கொடுத்தவன் நான்.

அந்தப் பையின் அடியில் எனக்குத் தெரியாத ஒன்று கிடந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். கண்ணில் விடுகிற சொட்டு மருந்து. பாதி தீர்ந்திருக்கிறது.

நீ போனபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ கிளாஸைப் பிடித்தபடி நாற்காலியில் சாய்ந்துவிட்டாய், மார் அடைத்துவிட்டது என்றார்கள். ஓடி வந்தேன், அழுதேன், தூக்கினேன். சாவு எல்லோர் வீட்டுக்கும் வருகிறது, உன் வீட்டுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது என்று மனதை ஆற்றிக்கொண்டேன். இந்தப் பாதி பாட்டில் அடித்த அடியிலிருந்துதான் நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து, ஆண்டாப் ஹில் வீட்டில் சொந்தக்காரர்கள் கை கழுவிக்கொண்டிருந்த நேரம். உன் பெண்டாட்டி இந்தப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து, "அப்பம் தலைதீபாவளி மோதிரம் எங்கல மச்சான்?" என்று என்னைக் குடைந்துகொண்டே இருந்தவன் நீ.

"அண்ணே, இது உங்க கைக்குத்தான் வரணும்," என்றாள்.

முகம் வாடிப்போய் நின்றாள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமே என்று என் வாய் துறுதுறுத்தது. பையைக் கிண்டினேன். பாட்டில் கையில் அகப்பட்டது. தூக்கிக் காட்டி, "என்ன தங்கச்சி, ஊரான் வரைஞ்ச படத்தையெல்லாம் பாத்துப் பாத்துக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு மருந்து விட்டுக்கிட்டானா?" என்றேன்.

அவள் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள்.

"அது மத்தியானச் சொட்டுல்லாண்ணே. நீங்கதான விட்டுவிடுவிய?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது சும்மா இருக்கத் தெரிந்தவனா நான்? அன்றைக்கு இருந்தேன். அவளே பேசினாள்.

"கண்ணுல பிரஷர்னு சொல்லி வலது கண்ணு முழுசாப் போயி நாலு வருசம் ஆவுது. இடது கண்ணும் குழாய்க்குள்ள பாக்க மாதிரிதான் தெரியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலைக்கே போகாதியன்னு நான் கெடந்து அழுவேன். 'மச்சானுக்கு எல்லாம் தெரியும், அவன் பாத்துக்கிடுவான், மத்தியானச் சொட்டுகூட அவன்தான் விடுதான்'ம்பாவ. அந்த ஒரு தைரியத்துலதாண்ணே நான் அனுப்புனேன்."

பிறகு இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டாள். "நாலு வருசம் என் புருசனுக்குக் கண்ணா இருந்திய," என்றாள்.

மாப்ளே, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் தெரியாது தங்கச்சி, அவன் உன்னையும் ஏமாற்றினான் என்னையும் ஏமாற்றினான் என்றா? உன் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருக்கிற வீட்டில்? "அதுக்கென்ன தங்கச்சி, அவன் எனக்குப் பண்ணாததையா நான் பண்ணிட்டேன்," என்றேன். நான் சொல்லாத பொய் கிடையாது. ஆனால் சிரிக்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். உன் மகளுக்குத் தமிழ் படிக்க வராது, தங்கச்சிக்கு எந்த எழுத்துமே வராது. அதனால் இந்தக் கடிதத்தால் உன் குட்டு உடையாது. ஐந்தாவதோடு நின்ற என் கையெழுத்தைப் பார்த்து, மையில் விழுந்த எறும்பு நடந்த மாதிரி இருக்கிறது என்பாய். இருக்கட்டும். பத்தாவது படித்தவன் பண்ணிய காரியத்தை விடவா?

இதோடு இன்னொரு சிக்கல். உன் பதினாறுக்கு இரண்டு நாள் முன்னால் கேலரி மேடம் போன் போட்டிருந்தார். வியாழக்கிழமை புதுப் படங்கள் வருகின்றன, என்னால் தனியாக மாட்ட முடியுமா என்று கேட்டார். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, மாட்டுவதற்கென்றே ஆள் அனுப்புகிற கம்பெனி ஒன்று இருக்கிறது, இனிமேல் எல்லாவற்றுக்கும் அவர்களையே வைத்துக்கொள்கிறேன் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நல்லவிதமாகத்தான் சொன்னார். நான், "மேடம், கை நான், கண் அவன். கண் போய்விட்டதே, நான் எப்படி மாட்டுவது?" என்றேன். ரொம்ப நாளாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வந்ததுதான் அது. சொல்லிவிட்டு யோசிக்க நேரம் கேட்டிருந்தேன்.

அந்தக் கண்ணின் லட்சணம் இப்போதுதான் தெரிந்தது.

உன் வீட்டிலிருந்து தாராவிக்கு நடந்தே வந்தேன். பஸ் ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை. நடக்க நடக்க அந்த நாலு வருஷமும் ஒவ்வொன்றாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தது.

முதலில் ஸ்டூல். மேலே ஏறுகிறவன் நீ, கீழே நிற்கிறவன் நான் என்றுதானே பதினெட்டு வருஷம் ஓடியது? ஒருநாள் ஆணியை விட்டுவிட்டு உன் கட்டைவிரலில் அடித்துக்கொண்டாய். அடுத்த வாரமும் அதே விரல். "முட்டி வலிக்கு மச்சான். இனிமே நீ ஏறு, நான் கீழ நின்னு பாக்கேன்," என்றாய். நான் சும்மா இருந்தேனா? காலா கோடாவில் எத்தனை கேலரி உண்டோ அத்தனை வாசலிலும் போய், விரலில் அடிபட்டால் முட்டி வலிக்கிற ஒரே ஆள் எங்கள் மாப்பிள்ளைதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். விரலுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேலி செய்யத் தெரிந்த எனக்கு, அதையே ஒரு கேள்வியாக உன்னிடம் கேட்கத் தெரியவில்லை.

அப்புறம் டேப். "நீயே படி, கண்ணாடிய வீட்ல வச்சிட்டேன்." நாலு வருஷமாக ஒரு மனிதன் கண்ணாடியை வீட்டிலேயே வைப்பானா? சாயங்காலம் சயான் ஸ்டேஷனில் இறங்கினால் எனக்கு நடை தூரம்தான் வீடு. உன் பஸ் வருகிறவரை என்னைப் போகவிட மாட்டாய். "பேச்சுத் துணைக்கு நில்லுல," என்பாய். ஒவ்வொரு பஸ்ஸும் வளைந்து வரும்போது, "இது எங்க போற வண்டி?" என்று கேட்பாய். "ஏன், பத்தாவதுல நம்பர் சொல்லிக் குடுக்கலையா?" என்பேன். "ஒன் வாயால கேட்டாத்தான் பஸ்ஸு நிக்குது," என்பாய். நானும் ஏதோ நம் சிநேகிதத்தின் சொகுசு என்று நினைத்து நின்றேன்.

மத்தியானம் நம் கேலரி இருக்கிற பழைய கட்டடத்தின் பின்புற மரப்படியில் டப்பாவைத் திறந்து சாப்பிடுவோம். சாப்பிட்டதும் நீ பாத்ரூமுக்குப் போய்ப் பத்து நிமிஷம் கழித்து வருவாய். இமையெல்லாம் ஈரமாக இருக்கும்.

"யார நெனச்சுல அழுத? பழைய ஆளா?"

"ஒன் வீட்டு மீன் கொழம்ப நெனச்சேன். தாங்க முடியல."

இதுதான் நாலு வருஷமும் நம் சாப்பாட்டு வேளைப் பேச்சு. நீ உள்ளே போய்த் தலையை அண்ணாந்து, தடவித் தடவி, நான் விட்டதாக வீட்டில் சொல்லிய சொட்டை நீயே விட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். நான் வெளியே உட்கார்ந்து உன் டப்பாவில் மீதியிருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

எழுதக் கூசுகிற இன்னொன்றும் இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. யாராவது வலது பக்கமிருந்து கூப்பிட்டால் நீ தலையை முழுவதும் திருப்பி, கொஞ்சம் சாய்த்து, ஒரு தடவை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பாய். டீக்கடைப் பக்கம், கறுப்புக் குதிரை சிலை தெரிகிற அந்த முனையில், ஏழெட்டுப் பேர் நிற்கும்போது நான் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். கோழி அரிசியைப் பார்க்கிற மாதிரி. நடந்து வேறு காட்டினேன். வாட்ச்மேன்கள், டிரைவர்கள், பாதையோரம் படம் வைத்து விற்கிற பையன்மார் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கொக்கொக்கோ," என்று ஒரு குரல் வேறு கொடுத்தாய். பிறகு குதிரை சிலையைக் காட்டி, "என்னையக் கேலி பண்ணுதான், அங்க பாரு, குதிர மேல ஆளே இல்ல, ராசா டீ குடிக்கப் போயிட்டாரு, அத ஒருத்தனும் கேக்கல," என்று பேச்சை மாற்றினாய். அன்றைக்கு உனக்கு அந்தக் குதிரையே தெரிந்திருக்காதே மாப்ளே. அது எந்தப் பக்கம் நிற்கிறது என்ற பழக்கத்தில் கை நீட்டியிருக்கிறாய்.

நடுத்தெருவில் இதை நினைத்ததும் என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த கைவண்டிக்காரன் இந்தியில் என் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கா.

முதலில் வந்தது அதிர்ச்சி, வீடு வந்து சேருவதற்குள் கோபம். ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்லக் கூடாதா? நாலு மாசம் முன்னால் பிறந்துவிட்டாய் என்பதற்காக என்னை அத்தனை சின்னப் பிள்ளையாக நினைத்தாயா? கோபத்தில் ஒரு தட்டுச் சோற்றைத் தொடாமல் தள்ளிவைத்தேன். அப்புறம் எனக்கே பதில் தெரிந்தது. உனக்கு உட்கார முடியாத இடத்தில் கட்டி வந்தபோது, யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டாய். அடுத்த நாள் காலை எட்டு மணி டிரெயினில் உனக்கு உட்கார இடம் கிடைத்தது. "அண்ணன் உட்கார மாட்டாருங்க," என்று நான் காரணத்தோடு எழுந்து அறிவித்தேன். பெட்டி முழுக்கச் சிரித்தது. அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டிருக்கிறவனிடம் கண் போன சங்கதியைச் சொன்னால், மத்தியானத்துக்குள் மேடத்தின் காதில் விழுந்திருக்கும். நான் வேண்டுமென்று சொல்லமாட்டேன். ஏதாவது ஒரு கேலியின் வாலில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

ஆக, நீ என்னை நம்பவில்லை. அப்படித்தான் முடிவு செய்தேன். தங்கச்சி கும்பிட்ட கை என் கண்முன்னால் நின்றுகொண்டே இருந்தது.

விடிந்ததும் கேலரிக்குப் போனேன். முடியாது என்று மேடத்திடம் நேரில் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். மேடம் இன்னும் வரவில்லை. நீயும் நானும் கடைசியாக மாட்டிய படங்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன, நீ போவதற்கு இரண்டு நாள் முன்னால் மாட்டியவை. உனக்கு நினைவிருக்கும், எல்லாவற்றுக்கும் நாம் வழக்கம்போலப் பேர் வைத்திருந்தோம். படத்தின் பேர் இங்கிலீஷில் ஒன்று இருக்கும், நம் வாயில் அது நுழையாது. 'சாம்பார் கொட்டுனது', 'மழையில நனைஞ்ச மாடு', 'வாடகைக்கு விடப்படும்'. அந்தக் கடைசிப் படத்தில் ஒன்றுமே இருக்காது, மூலையில் ஒரு சின்னக் கதவு மட்டும். மாட்டிய மறுநாளே மேடம் போனில், வந்தவர்கள் எதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்கள் என்று கேட்க, நான் சாம்பார் கொட்டினதன் முன்னால் என்று சொல்லிவைக்க, அவர் பதறி அடித்துக்கொண்டு துணியும் தண்ணீருமாக ஓடிவந்தாரே.

அந்த ஹாலைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தரை ஒரு பக்கம் சாய்வு. மேலே சுவரோரம் ஓடுகிற பூவேலை இன்னொரு பக்கம் சாய்வு. ரசமட்டம் நேர் என்று சொல்கிற படம் அங்கே கண்ணுக்குக் கோணலாக நிற்கும். வெளியூர் ஆள்கள் மிஷின் வைத்துச் சிவப்பு வெளிச்சத்தில் கோடு அடித்து மாட்டிவிட்டுப் போய், மறுநாள் மேடம் நம்மைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் திரும்ப மாட்டச் சொன்னார். அங்கே கண்தான் ரசமட்டம். அதனால்தான் உன் வார்த்தை அங்கே சட்டம். நான் மேலே நின்று படத்தைப் பிடித்துக்கொண்டு கண்டதையும் பேசிக்கொண்டிருப்பேன். நீ கீழே கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு நூல் மேல," என்பாய். ஆசாரிமார் கணக்கில் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒன்றுதான் ஒரு நூல். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு நூலைப் பார்க்கிறானே என்று எனக்கு மலைப்பாக இருக்கும். "இன்னும் கொஞ்சம்... இன்னும்..." பிறகு சட்டென்று, "நில்லு. அதான் எடம்."

நீ எப்போதும் நிற்கிற இடம், வாசலிலிருந்து மூன்றாவது தூணோரம். நாலு வருஷமாக நான் அந்த இடத்தில் நின்றதில்லை, ஸ்டூல் மேலேயே இருந்துவிட்டேன். போய் நின்றேன். நின்று பார்த்தேன்.

மாப்ளே, ஒரு படம் கோணலில்லை. ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்கிற மாதிரி சுவர் முழுக்க ஒரே வரிசை. இதைப் பார்த்து மாட்டியது யார்? கீழே நின்றவனுக்குக் கண் தெரியாது. மேலே நின்றவன் பார்க்கவில்லை, பேசிக்கொண்டிருந்தான். அப்படியானால் நாலு வருஷமாக இந்தச் சுவரில் படம் மாட்டியது பேயா?

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அந்த அம்மா நினைவுக்கு வந்தார். போன வருஷம், டெல்லியிலிருந்து வந்த, படம் வரைகிற அம்மா. நாம் எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு வந்து, இடது கோடியில் இருக்கிற படம் இறங்கியிருக்கிறது, கழற்று என்று ஒரே பிடியாக நின்றார். நான் ஸ்டூலை எடுக்கப் போனேன். நீ தடுத்தாய். "மேடம், ஜமீன் டேடி ஹை, தஸ்வீர் ஸீதி ஹை," என்றாய். தரைதான் கோணல், படம் நேர் என்று. கையை இப்படித் தட்டையாகப் பிடித்துத் தரையை மறைத்துக்கொண்டு பாருங்கள் என்றாய். அவர் அப்படியே மறைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், சிரித்துவிட்டார். உன் கண்ணைப் பெரிதாகப் புகழ்ந்து மேடத்திடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் படத்தை நீ பார்க்கவே இல்லை. இடது கோடி வலது கோடி எல்லாம் உனக்கு ஒரே வெள்ளைப் புகை. எதை நம்பி அப்படி அடித்துச் சொன்னாய்?

எனக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. அங்கே உட்கார்ந்தபடியே தங்கச்சிக்குப் போன் போட்டேன். தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் கேட்க வேண்டுமே.

"தங்கச்சி, அவன் ஒன்கிட்டச் சொல்லிச் சிரிப்பாம்லா, படம் நேரா இருக்கத எப்படிக் கண்டுபிடிக்கான்னு. அத இன்னொரு தடவ சொல்லேன். கேக்கணும் போல இருக்கு."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். உன் வீட்டில் என் கேலிக்கு வராத சிரிப்பை உன் பேச்சே வாங்கிக் கொடுத்தது.

"ஒங்க வாய்தாண்ணே. 'மச்சான் ஸ்டூல்ல ஏறுனா வாயி ரயிலு மாதிரி ஓடும். படம் கோணலா இருக்கவரைக்கும் ஓடும். நேரா வந்துட்டுன்னா அவனுக்கே தெரியாம ஒரு நிமிசம் நின்னுபோவும். நான் ஒடனே நில்லும்பேன். அவன் என்னமோ எனக்குக் கழுகுக் கண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதான்'ம்பாவ. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவளே."

போனை வைத்தேன். என் வாய் நின்றதே இல்லை என்று என் வீட்டில் சத்தியம் செய்வார்கள். அது நிற்கிற இடம் ஒன்று உண்டென்று கண்டுபிடித்தவன் நீ ஒருத்தன்தான். இருபத்திரண்டு வருஷப் பேச்சைக் காதில் வாங்கி, அதில் பேச்சில்லாத இடத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாய். அதை வைத்துச் சம்சாரத்தைக் காப்பாற்றினாய், மகளைப் படிக்க வைத்தாய், டெல்லி அம்மாவிடம் அடித்துப் பேசினாய்.

மேடம் வந்தார். சாவியைக் கொடுக்கத்தான் நீட்டியிருந்தேன். "வியாழக்கிழமை நானே மாட்டுகிறேன் மேடம். கோணலாக இருந்தால் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை, அதாவது இன்றைக்கு, பத்து மணிக்கெல்லாம் படங்கள் வந்து இறங்கின. வாட்ச்மேன் பாண்டுரங்கை மூன்றாவது தூணோரம் நிறுத்தினேன். "நீ ஒன்றும் சொல்லவேண்டாம், சும்மா நில்," என்றேன். மேடம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஸ்டூலில் ஏறினேன். முதல் படத்தைத் தூக்கிக் கொக்கியில் விட்டேன்.

வரவில்லை மாப்ளே. மேலே ஏற்றினால் ஏறின மாதிரி இருக்கிறது, இறக்கினால் இறங்கின மாதிரி இருக்கிறது. கால் மணி நேரம் ஒரே படத்தோடு மல்லுக்கட்டினேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. மேடம் போனைக் கையில் எடுப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. கண் போனவன் நீயா நானா என்று எனக்குத் தலை சுற்றியது.

அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பாட்டிலைப் பார்த்ததிலிருந்து நான் யாரிடமும் வாயாடவே இல்லை. வாயைத் தைத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறேன். ஓடாத வாய் எங்கே போய் நிற்கும்?

பாண்டுரங்கைப் பார்த்தேன். பாவம், நிஜமாகவே ஒன்றும் சொல்லாமல் நின்றான். அவன் மீசையில் ஆரம்பித்தேன். அந்த மீசையை அவன் சம்சாரம் துவைத்துக் காயப்போடுவாளா, இல்லை டிரை கிளீனிங்கா என்று இந்தியில் கேட்டேன். அவன் சிரித்தான். குரல் முதலில் கரகரவென்று வந்தது, பிறகு இளகியது. மீசையிலிருந்து மேடத்தின் செருப்புக்குப் போனேன், செருப்பிலிருந்து குதிரை மேல் இல்லாத ராஜாவுக்கு. எப்போது இந்தி தமிழாக மாறியதென்று தெரியாது. பாண்டுரங்குக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆனால் தலையாட்டிக்கொண்டிருந்தான். நான் உன்னிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். "ஏல, மத்தியானச் சொட்டு மச்சான்தான் விடுதான்னு சொன்னியே, எங்கிட்டக் குடுத்திருந்தா நான் கண்ணுல விட்டிருப்பேனா மூக்குல விட்டிருப்பேனா? நீ செத்தது நல்லதாப் போச்சு, இல்லன்னா இன்னைக்கு ஒன்னைய..."

"க்யா ஹுவா பாய், சுப் க்யூன்?" என்றான் பாண்டுரங். என்ன ஆச்சு, ஏன் பேச்சை நிறுத்திவிட்டாய் என்கிறான்.

என் இரண்டு கையிலும் படம் ஒரே கனமாக உட்கார்ந்திருந்தது. மேலே பூவேலை ஒருபக்கமாகச் சாய்ந்து ஓட, அதற்குக் கீழே இது அசையாமல் நின்றது. கையை எடுத்தேன். இறங்கவில்லை, திரும்பவில்லை. மேடம் வாசலிலிருந்து நாலடி உள்ளே வந்தார். பார்த்தார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்ததை எடு என்றார்.

இருபத்தேழு படம் மாட்டினேன். இருபத்தேழு தடவை வாய் நின்றது. ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்தில் யாரும் "நில்லு" என்று சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கியதும் அதிலேயே உட்கார்ந்தேன். முட்டி வலிக்கிறது என்று பாண்டுரங்கிடம் சொல்லிவைத்தேன்.

நம்பினாயா, நம்பவில்லையா என்று இனிமேல் உன்னைக் கேட்கமாட்டேன். என் வாயை நீ நம்பவில்லை. அது நிற்கிற இடத்தை நம்பினாய். தங்கச்சி கும்பிட்டாளே, அந்தக் கும்பிடை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. பாட்டில் பையிலேயே இருக்கட்டும், பென்சிலுக்குப் பக்கத்தில். மத்தியானம் மரப்படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த முதல் படத்தின் முன்னால் பாதியில் விட்ட கேலி உன்னைப் பற்றியதுதான். மீதி என்னவென்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இருக்கட்டும் மாப்ளே. படம் நேராகத்தான் இருக்கிறது.